டார்வினை மட்டும் தனியாக வைத்துக் கணினி ஓட்ட முடியுமா?

கேள்வி இதுதான்: மேக் ஓஎஸ்ஸுக்கு அடியில் இருக்கும் டார்வினின் மூலநிரலை ஆப்பிள் எல்லோருக்கும் திறந்துதான் வைத்திருக்கிறது. அப்படியானால் மேலே உள்ள ஆப்பிள் சமாச்சாரம் எதுவுமே இல்லாமல், டார்வினை மட்டும் ஒரு பழைய லேப்டாப்பில் நிறுவி, லினக்ஸ் மாதிரி அன்றாட வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா?

முடியாது. கட்டளை வரி வரை கொண்டுவந்து நிறுத்தலாம், அதற்கே நிறைய நாள் உட்கார வேண்டியிருக்கும். அதைத் தாண்டி அதில் குடித்தனம் நடத்த முடியாது. ஆனால் இந்தக் கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் இரண்டு காரணங்களையும் என்னால் ஏற்க முடியவில்லை. "லைசென்ஸ் விடாது" என்பார்கள், விடும். "ஜன்னலும் மெனுவும் மூடிய மூலம், அதனால்தான்" என்பார்கள்; அது பாதிக் காரணம்கூட இல்லை. ஓட்டை அதைவிடக் கீழே இருக்கிறது, அது பிற்காலத்தில் விழுந்த ஓட்டை. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

முதலில் டார்வின் என்றால் எது என்பதில் ஒரு தெளிவு வேண்டும். மேக்கில் டெர்மினலைத் திறந்து யூநேம் கட்டளையை அடித்தால் மேக் ஓஎஸ் என்ற பெயரே வராது, டார்வின் என்றுதான் வரும். மேக் ஓஎஸ் 15 ஓடும் கணினியில் அது டார்வின் 24. ஐபோனுக்கு அடியிலும் இதேதான். இதன் கெர்னலுக்கு (வன்பொருளுக்கும் நிரல்களுக்கும் நடுவில் நிற்கும் மையப் பகுதிக்கு) பெயர் எக்ஸ்என்யூ, 'எக்ஸ் யுனிக்ஸ் அல்ல' என்பதன் சுருக்கம். (அந்தப் பெயரோடே 2007இல் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.5 முறைப்படி யுனிக்ஸ் சான்றிதழ் வாங்கியது.) எக்ஸ்என்யூவுக்குள் மூன்று பரம்பரைகள் ஒன்றாகக் கிடக்கின்றன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ரஷீதும் ஏவி டெவானியனும் மற்றவர்களும் சேர்ந்து உருவாக்கிய மாக் மைக்ரோகெர்னல் ஒன்று. கோப்பு, பிராசஸ், நெட்வொர்க் எல்லாவற்றுக்கும் யுனிக்ஸ் முகம் தரும் பிஎஸ்டி (பெர்க்லியில் வளர்ந்த யுனிக்ஸ் கிளை) இன்னொன்று. டிரைவர்களுக்காக ஆப்பிள் சி பிளஸ் பிளஸ்ஸின் ஒரு குறுகிய வடிவத்தில் எழுதிய ஐஓகிட் மூன்றாவது. டெவானியன் அங்கிருந்து ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்துக்குப் போனார். ஆப்பிள் 1997இல் நெக்ஸ்டை வாங்கி முடித்தபோது, அவரும் அந்த மென்பொருளும் சேர்ந்தே ஆப்பிளுக்குள் வந்தார்கள். 1999 மார்ச்சில் அடித்தளத்தை மட்டும் பிரித்து டார்வின் என்று பெயரிட்டுத் திறந்த மூலமாக அறிவித்தார்கள்.

கெர்னல் மட்டும் இருந்தால் அது இயங்குதளம் ஆகாது. டார்வின் என்ற பெயருக்குள் சி லைப்ரரி, டைனமிக் லிங்கர், ஆப்ஜெக்டிவ் சி ரன்டைம், ஷெல், எல்எஸ், கிரெப் போன்ற கட்டளைகள், எச்எஃப்எஸ் கோப்புமுறை என்று இன்னும் பல பொட்டலங்கள் உண்டு. பட்டியலாகப் பார்த்தால் ஒரு முழு யுனிக்ஸ் போலத்தான் தெரியும். ஏமாற்றம் தொடங்கும் இடமும் அந்தப் பட்டியல்தான்.

லைசென்ஸ் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1999இல் வந்த முதல் ஆப்பிள் பொது மூல உரிமத்தை ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் ஏற்கவில்லை. திருத்தியதை ஆப்பிளுக்குத் தெரிவிக்க வேண்டும், ஆப்பிள் நினைத்தால் உரிமத்தை நிறுத்தலாம் என்பது போன்ற விதிகள் அதில் இருந்தன. 2003இல் வந்த இரண்டாம் பதிப்பு அந்தக் குறைகளைச் சரிசெய்தது. அதே அமைப்பு அதை சுதந்திர மென்பொருள் உரிமம் என்று ஒப்புக்கொண்டது. லினக்ஸ் கெர்னலின் உரிமமான ஜிபிஎல்லோடு கலக்க முடியாது, அவ்வளவுதான். 'ஆப்பிள் முத்திரை உள்ள கணினியில் மட்டும்' என்ற நிபந்தனை மேக் ஓஎஸ்ஸின் ஒப்பந்தத்தில் இருப்பது, டார்வினின் மூலநிரலுக்கு அது பொருந்தாது. வேறு கணினியில் மேக் ஓஎஸ்ஸை ஓட்டும் ஹாக்கின்டாஷ் விவகாரத்தையும் இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். டார்வினை எந்தக் கணினியில் போட்டாலும் யாரும் உங்களைத் தடுக்கப்போவதில்லை.

ஒரு காலத்தில் இது உண்மையிலேயே நிறுவிப் பார்க்கக்கூடிய பொருளாக இருந்தது. 2000 ஏப்ரலில் டார்வின் 1.0 வந்தது. அதன் பிறகு சில ஆண்டுகள் ஆப்பிளே நிறுவும் சிடி வடிவத்தில் டார்வினை வெளியிட்டது, பவர்பிசிக்கும் இன்டெல் கணினிக்கும். அந்த வரிசையில் கடைசி, 2005இல் வந்த 8.0.1. அதை ஒரு விர்ச்சுவல் மெஷினில் ஒருமுறையாவது ஓட்டிப் பாருங்கள் என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வேன், ஏனென்றால் 'டார்வின் மட்டும்' என்றால் கையில் என்ன மிஞ்சும் என்பதை அது ஐந்து நிமிடத்தில் காட்டிவிடும். கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடும். எந்த டிஸ்கில் நிறுவ வேண்டும் என்று எழுத்திலேயே கேட்கும். நிறுவி முடித்து மறுபடி பூட் செய்தால், ஒரு லாகின் வரி வந்து நிற்கும். ரூட் ஆக உள்ளே போனால் ஷெல். சிஸ்டம், லைப்ரரி என்று மேக்கில் பழகிய கோப்புறைகள் கண்ணில் படும், எக்ஸ்டென்ஷன்ஸ் கோப்புறையில் கெக்ஸ்ட்கள் (கெர்னலோடு சேரும் டிரைவர் போன்ற துண்டுகள்) இருக்கும். ஃபைண்டர் கிடையாது, டாக் கிடையாது, ஜன்னல் என்ற ஒன்றே கிடையாது. ஒரு பழைய பிஎஸ்டியின் முன் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

அப்போதும் வன்பொருள் ஆதரவு மிகக் குறுகல்தான். இன்டெல்லின் குறிப்பிட்ட சில டிஸ்க் கன்ட்ரோலர்கள், குறிப்பிட்ட சில ஈதர்நெட் சிப்கள்; உங்கள் கணினியில் அவை இருந்தால் அதிர்ஷ்டம். இருந்தாலும் அது ஒரு முழு வட்டம்: பூட் லோடர், கெர்னல், முதல் பிராசஸ், லைப்ரரிகள், ஷெல் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி, ஒரே இடத்திலிருந்து வந்தன. இன்றைக்கு உடைந்திருப்பது அந்த வட்டம்தான்.

எங்கே உடைந்தது என்று பார்க்க, இன்றைய எக்ஸ்என்யூவை எடுத்துக் கம்பைல் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். மூலநிரல் வெளிப்படையாகக் கிட்ஹப்பில் கிடைக்கிறது. கம்பைல் செய்ய வழக்கமாக அடிக்கும் 'make' கட்டளையை நேராக அடித்தால் ஓடாது. கெர்னலைக் கண்காணிக்க உதவும் டிட்ரேஸின் பொட்டலத்திலிருந்து சில கருவிகளைத் தனியாக உருவாக்க வேண்டும், வேலைகளைப் பல த்ரெட்களுக்குப் பிரித்துத் தரும் லைப்ரரியான லிப்டிஸ்பாட்சிலிருந்து ஒரு துண்டு வேண்டும், இன்னும் இரண்டு மூன்று பொட்டலங்களின் ஹெடர்களை அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். இதெல்லாம் அலுப்பான வேலை, ஆனால் முடியாத வேலை இல்லை. கடைசியில் ஒரு கெர்னல் கோப்பு கிடைத்துவிடும். அந்த நேரத்தில் வரும் சந்தோஷம் எனக்குத் தெரியும்.

சரி, அதை பூட் செய்கிறோம். கெர்னல் தன் வேலைகளை முடித்துவிட்டு, பயனர் பக்கத்தில் முதல் பிராசஸைக் கிளப்ப வேண்டும். அதற்காக அது தேடுவது லாஞ்ச்டி. அது கிடைக்காவிட்டால் பேனிக் ஆகி அங்கேயே நின்றுவிடும். லாஞ்ச்டி எங்கே? 2005இல் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.4உடன் வந்த லாஞ்ச்டியை ஆப்பிள் அடுத்த ஆண்டு அப்பாச்சி உரிமத்தில் திறந்தது. 10.9 வரைக்கும் அதன் மூலம் வெளிவந்தது. 2014இல் 10.10 வந்தபோது அதைப் புதிதாக எழுதினார்கள். புதியதன் மூலம் வெளிவரவே இல்லை. ஆக, கெர்னல் திறந்திருக்கிறது, கெர்னல் முதன்முதலில் கூப்பிடும் ஆள் மூடியிருக்கிறார்.

பழைய லாஞ்ச்டியை ஒட்டவைக்கலாமே என்று தோன்றும், அல்லது சொந்தமாக ஒரு சின்ன முதல் பிராசஸ் எழுதலாமே என்று. அங்கே அடுத்த சுவர். மேக்கில் எந்த நிரலும், 'வணக்கம்' என்று ஒரு வரி அச்சிடும் நிரல்கூட, லிப்சிஸ்டம் என்ற லைப்ரரியோடு இணைந்துதான் ஓடுகிறது. லிப்சிஸ்டம் என்பது பல சின்ன லைப்ரரிகளின் கூட்டு. சி லைப்ரரி, த்ரெட் லைப்ரரி போன்றவற்றின் மூலம் கிடைக்கும். ஆனால் பிராசஸ்கள் ஒன்றோடொன்று பேச உதவும் லிப்எக்ஸ்பிசி அதே கூட்டில்தான் இருக்கிறது, அதன் மூலம் மூடியது. நிரல் தொடங்கும்போதே லிப்சிஸ்டம் அதையும் கிளப்பிவிடப் பார்க்கும். அதனால் டார்வினைத் தனியாக எழுப்ப நினைப்பவர் இந்த மூடிய துண்டுகளுக்குப் பதிலாகப் போலித் துண்டுகளை எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. நான் மேலே சொன்ன ஓட்டை இதுதான். ஜன்னல் இல்லாத குறையை எக்ஸ் விண்டோ என்ற திறந்த ஜன்னல் அமைப்பைப் போட்டுச் சமாளிக்கலாம். ஒரு வரி அச்சிடும் நிரலே மூடிய துண்டைத் தேடும்போது என்ன செய்வது?

'லிப்சிஸ்டமே வேண்டாம், நேராகக் கெர்னலைக் கூப்பிடுகிறேன்' என்றும் கேட்பார்கள். லினக்ஸில் அது செல்லும், ஏனென்றால் நிரல்கள் கெர்னலைக் கூப்பிடும் அழைப்புகளை (சிஸ்டம் கால்) உடைக்க மாட்டோம் என்பது அங்கே ஒரு வாக்கு. ஆப்பிள் அப்படி ஒரு வாக்கைத் தந்ததே இல்லை. கோ (Go) என்ற நிரல்மொழியை உருவாக்குபவர்கள் இதைப் பட்டு உணர்ந்தார்கள். அவர்களுடைய நிரல்கள் நேராகக் கெர்னலிடம் நேரம் கேட்டுக்கொண்டிருந்தன. 2016இல் மேக் ஓஎஸ் 10.12 வந்தபோது அந்த அழைப்பின் உள்வடிவம் மாறியது, கோ மொழியின் பழைய பதிப்பில் கம்பைல் ஆன நிரல்கள் உடைந்தன. கோ 1.11இலிருந்து அவர்களும் லிப்சிஸ்டம் வழியாகப் போகத் தொடங்கிவிட்டார்கள்.

வன்பொருள் பக்கம் நிலைமை இன்னும் மோசம். சாதாரண இன்டெல் கணினியில் மின்சாரம், இன்டரப்ட் எல்லாம் புரிந்துகொள்ள ஏசிபிஐ வேண்டும்; ஆப்பிளின் ஏசிபிஐ கெக்ஸ்ட் மூடியது. கிராஃபிக்ஸ் டிரைவர்கள், வைஃபை, 2017இல் இயல்பான கோப்புமுறையாக வந்த ஏபிஎஃப்எஸ் எல்லாம் மூடியவை. அதே 2017இலிருந்துதான் எக்ஸ்என்யூவின் ஏஆர்எம் பகுதியும் வெளியே வரத் தொடங்கியது. அதைப் பார்த்து, ஆப்பிளின் சொந்த சிப் உள்ள மேக்கில் முயலலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பாதுகாப்பு அளவைக் குறைத்துக்கொண்டு சொந்தக் கெர்னலை பூட் செய்ய அங்கே ஆப்பிளே ஒரு வழி வைத்திருக்கிறது. அசாஹி லினக்ஸ் நுழைந்ததும் அந்த வழியாகத்தான். ஆனால் எக்ஸ்என்யூவை அப்படி ஓட்டுபவர்கள், ஆப்பிள் பைனரியாகத் தரும் கெக்ஸ்ட்களோடு சேர்த்துக் கட்டித்தான் ஓட்டுகிறார்கள். அது கெர்னலைச் சோதிக்கும் வழி. டார்வின் மட்டும் என்று அதைச் சொல்ல முடியாது.

முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. 2000இன் இறுதியில் குனு-டார்வின் தொடங்கியது. 2002இல் ஆப்பிளும் இன்டர்நெட் சாஃப்ட்வேர் கன்சார்ட்டியமும் சேர்ந்து ஓப்பன்டார்வினை ஆரம்பித்தார்கள். டார்வினை வெளியாட்களும் சேர்ந்து வளர்க்கும் இடமாக அது இருக்க வேண்டும் என்பது எண்ணம். 2006 ஜூலையில் அதை மூடுவதாக அறிவித்தபோது, அவர்கள் சொன்ன காரணங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது இவை: மூலம் நேரத்துக்குக் கிடைக்கவில்லை, கிடைத்ததைக் கம்பைல் செய்வதும் தொடர்ந்து பின்பற்றுவதும் கடினம், ஆப்பிள் ஆட்களோடு போதிய பேச்சு இல்லை, ஆர்வமும் குறைந்துவிட்டது. கடைசியில் அது மேக்குக்கான மற்ற மென்பொருள்களைத் தாங்கும் இடமாகவே மீந்திருந்தது. மேக்போர்ட்ஸ் என்று இன்று நாம் பயன்படுத்துவது அங்கே டார்வின்போர்ட்ஸாகப் பிறந்ததுதான். மூலம் தாமதமானதற்கு ஒரு உதாரணம்: அதே 2006 ஜனவரியிலேயே முதல் இன்டெல் மேக்குகள் கடைக்கு வந்துவிட்டன. அவற்றின் கெர்னல் மூலம் ஆகஸ்டில்தான் வந்தது.

2007இல் ப்யூர்டார்வின் அந்த வேலையைக் கையிலெடுத்தது. அடுத்த ஆண்டு டார்வின் 9இன் மேல், எக்ஸ் விண்டோவோடு, ஒரு முன்னோட்டத்தை வெளியிட்டார்கள். பின்னாளில் டார்வின் 17ஐ வைத்து, கட்டளை வரியோடு நிற்கும் ஒரு சோதனைப் பதிப்பும் வந்தது. ஒரு சின்னக் குழு, சம்பளம் இல்லாமல், இவ்வளவு தூரம் கொண்டுவந்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஆனால் அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் ஏழு டார்வின் பதிப்புகள் ஓடிப்போயிருந்தன என்பதையும் பாருங்கள். ஆப்பிள் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் மூலத்தைக் கொட்டிவிட்டு நகர்ந்துவிடும்; பின்னால் வருபவர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக எதெது விடுபட்டிருக்கிறது என்று தேட வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை விஷயத்தின் உயிர்நாடி இதுதான். மூலம் திறந்திருப்பது வேறு, திட்டம் திறந்திருப்பது வேறு. டார்வினில் முதலாவது மட்டுமே இருக்கிறது. தினமும் நடக்கும் மாற்றங்களை வெளியாள் பார்க்க முடியாது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு மொத்த மூட்டை வரும். ஒரு வரி ஏன் மாறியது என்று கேட்க இடமில்லை. நீங்கள் எழுதிய திருத்தம் உள்ளே போக வழி இல்லை.

அதே ஆப்பிள் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். சஃபாரி உலாவிக்காக, லினக்ஸ் டெஸ்க்டாப் திட்டமான கேடிஇயின் கேஎச்டிஎம்எல் என்ற வலைப்பக்க எஞ்சினை எடுத்துக்கொண்ட ஆப்பிள், முதலில் அதையும் இப்படித்தான் மொத்த மொத்தமாகத் திருப்பிக் கொடுத்தது. கேடிஇ ஆட்கள் இதை வைத்துக்கொண்டு எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை என்று வெளிப்படையாகவே குறைபட்டார்கள். 2005 ஜூனில் ஆப்பிள், கேஎச்டிஎம்எல்லிலிருந்து வளர்த்த வெப்கிட்டின் முழுக் களஞ்சியத்தையும், பிழைப் பட்டியலையும் திறந்துவிட்டது, வெளியாட்களும் எழுதலாம் என்று. மூன்றே ஆண்டில் கூகுள் அதை வைத்து குரோமைக் கொண்டுவந்தது. டார்வினுக்கு அந்த 2005 ஜூன் வரவே இல்லை.

இன்னொரு ஒப்பீடு, இதுவும் ஒரு நிறுவனத்தின் அடித்தளம்தான். சன் நிறுவனம் 2005இல் தன் யுனிக்ஸான சோலாரிஸைத் திறந்தது. அதிலும் சில மூடிய துண்டுகள் இருந்தன. ஆரக்கிள் சன்னை வாங்கி, 2010இல் வெளிப்படையான வளர்ச்சியை நிறுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில், திறந்த சோலாரிஸின் தொடர்ச்சியாக, இல்லுமோஸ் தொடங்கியது. மூடிய துண்டுகளுக்கு மாற்று எழுதினார்கள், அது இன்றும் உயிரோடு இருக்கிறது, ஓம்னிஓஎஸ், ஸ்மார்ட்ஓஎஸ் எல்லாம் அதன் மேல் ஓடுகின்றன. ஏன் அங்கே முடிந்தது? திறந்திருந்த பகுதி முழு இயங்குதளமாக இருந்தது, மூடிய பகுதி சின்னதாக இருந்தது, அதை அக்குவேறு ஆணிவேறாக அறிந்த பொறியாளர்கள் வெளியே வந்து கைகொடுத்தார்கள். டார்வினில் மூன்றுமே இல்லை. ஆண்ட்ராய்டின் திறந்த பகுதியை வைத்து லினியேஜ்ஓஎஸ், கிராஃபீன்ஓஎஸ் என்று முழு அமைப்புகள் வருவதற்கும் இதே காரணம்தான்: கூகுளின் சேவைகளைக் கழித்துவிட்டாலும் மிச்சம் ஒரு முழுப் பொருளாக நிற்கிறது.

அப்படியென்றால் டார்வினின் மூலத்தால் பிரயோஜனமே இல்லையா என்று கேட்டால், நிறைய இருக்கிறது, ஆனால் துண்டு துண்டாக. லிப்டிஸ்பாட்ச் 2009இல் திறக்கப்பட்டது; ஃப்ரீபிஎஸ்டிக்குப் போனது, இன்று ஆப்பிளின் ஸ்விஃப்ட் நிரல்மொழியோடு லினக்ஸிலும் ஓடுகிறது. லினக்ஸில் மேக் நிரல்களை ஓட்ட முயலும் டார்லிங் என்ற திட்டம், டார்வினின் மூலத்தைத்தான் பெரும்பாலும் தன் அடித்தளமாக வைத்திருக்கிறது. மேக்குக்கு டிரைவர் எழுதுபவருக்கு, ஆவணம் கைவிட்ட இடத்தில் எக்ஸ்என்யூவின் மூலம்தான் கடைசிப் புகலிடம். பாதுகாப்பு ஆய்வாளர்கள் ஐபோனின் ஓட்டைகளைக் கண்டுபிடித்துச் சொல்ல முடிவதிலும் அந்த மூலத்துக்குப் பங்கு உண்டு. ஆப்பிள் இதைத் திறந்தே வைத்திருப்பதற்கு நான் நன்றியோடுதான் இருக்கிறேன்.

இனி உங்கள் லேப்டாப்புக்கு வருவோம். உங்களுக்கு வேண்டியது சுத்தமான பிஎஸ்டி ருசி என்றால், நேராக ஃப்ரீபிஎஸ்டி போடுங்கள். டார்வினின் பிஎஸ்டி பகுதியிலும் கட்டளைகளிலும் பெரும்பங்கு அங்கிருந்து வந்ததுதான், டிரைவர் ஆதரவோ பல மடங்கு அதிகம், கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. மேக்கின் தோற்றம்தான் வேண்டும் என்றால் அதில் டார்வினுக்கு எந்தப் பங்கும் இல்லை. அது முழுக்க மூடிய பகுதியின் வேலை.

டார்வினையே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை இருந்தால், லேப்டாப்பைத் தொடாதீர்கள். விர்ச்சுவல் மெஷினில் 8.0.1ஐ ஓட்டுங்கள். பக்கத்திலேயே இன்றைய எக்ஸ்என்யூவின் மூலத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஓஎஸ்எஃப்எம்கே என்ற கோப்புறை மாக், பிஎஸ்டி என்ற கோப்புறை பிஎஸ்டி, ஐஓகிட் என்பது ஐஓகிட். முதலில் பிஎஸ்டிக்குள் போய், முதல் பிராசஸைக் கிளப்பும் பகுதியைத் தேடிப் படியுங்கள். லாஞ்ச்டியின் பாதை அங்கே எழுத்தாகவே இருக்கும், கிடைக்காவிட்டால் பேனிக் ஆகும் வரியும் அதன் கீழேயே இருக்கும்.